மொசலுக்கும் போட்டிக்கும் ஒரே துப்பாக்கி

உக்காருங்க தம்பி. அந்தச் சேர் வேண்டாமுங்க, கால் ஆடும். இப்படிக் கட்டில்ல உக்காருங்க. துப்பாக்கிக்கு எந்தக் கேலிபர்னு கேக்கத்தானே வந்திருக்கீங்க? கடைக்காரர் சொல்லி அனுப்பினாருன்னு போன்ல சொன்னீங்களே. "பெதப்பம்பட்டிப் பக்கம் வெள்ளியங்கிரின்னு ஒருத்தர் இருக்காரு, இருபத்திரண்டு வாங்கறதுக்கு முந்தி அவரைப் பாத்துட்டு வந்துருங்க"ன்னாராக்கு. சிரிச்சுட்டே சொன்னாருங்களா, சாதாரணமாச் சொன்னாருங்களா? இல்லீங்க, சும்மா கேட்டேன்.

உள்ள காப்பி போடறாங்க. குடிச்சுட்டே பேசலாம். நான் சொல்ற மாதிரி இந்த விசயத்தை வேற ஒருத்தனும் உங்களுக்குச் சொல்ல மாட்டான். விதைப்புலருந்து அறுப்பு வரைக்கும் ஒரு வெள்ளாமை நேரம் பூரா இதே நெனப்பா நான் அலைஞ்சிருக்கறேன். உங்களுக்கும் பொண்ணுதானுங்களே? காலேஜ்ல என்.சி.சி.யா? ம். எங்கூட்லயும் அப்படித்தான் ஆரம்பிச்சுது.

மொதல்ல வந்த விசயத்தைச் சொல்லிப்போடறேன். இந்தச் சின்னக் குண்டுத் துப்பாக்கியில மூணு இருக்குதுங்க. மூணுக்கும் தோட்டாவோட அடி விளிம்புலதான் தட்டோணும், அங்க தட்டுனாத்தான் வெடிக்கும். ஒண்ணு இருபத்திரண்டு லாங் ரைஃபிள். சத்தம் கம்மி, தோள்ல ஒதைக்காது, அம்பது மீட்டர்ல காயிதத்துல ஓட்டை போடறதுக்கு அதைப்போல கெடையாது. தூரம் போகப் போகக் குண்டு தொங்கிப்போயிரும், காத்தடிச்சா ஒதுங்கிக்கும். ரெண்டாவது இருபத்திரண்டு மேக்னம். குண்டுத் தடிமன் கிட்டத்தட்ட அதேதான், தோட்டா நீளம், மருந்து சாஸ்தி. இந்தக் கட்டுத்தறியிலருந்து அந்தக் கெணத்துமேட்டுல ஒரு மொசலு நிக்குதுன்னு வெச்சுக்குங்க, நின்ன எடத்துலயே படுத்துரும். மூணாவது பாயிண்ட் பதினேழு. ஊசியாட்டம் போகுமாமா. நான் படத்துலதான் பாத்தேன். நம்மூர்ல அதுக்குத் தோட்டாவுக்கு எங்க போறது, அதை விட்ருங்க.

ஆக, லாங் ரைஃபிளா மேக்னமான்னுதான் கேள்வி. மேக்னம்தானுங்க நல்லது. இன்னைக்கும் சொல்றேன், என்னையக் கேட்டா மேக்னம்தான்.

என்ற பொண்ணு பேரு கோகிலவாணி. வாணின்னு கூப்புடுவோம். என்.சி.சி. கேம்ப்புக்குப் போனவ ஒரு காயிதத்தை மடிச்சுக் கொண்டாந்து காட்டினா. நடுவுல ஒரே ஓட்டை. "ஒரு குண்டுதான் குடுத்தாங்களா அம்மிணி?"ன்னேன். "இல்லீங்ப்பா, அஞ்சும் அதுக்குள்ளதான் போயிருக்குது"ன்னா. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கலை, அத்தனை சந்தோசம். அந்தக் காயிதத்தைச் சட்டைப் பையில வெச்சுட்டு டீக்கடையில, சொசைட்டியில, கண்டவன் கிட்டயெல்லாம் காட்டினேன். எங்கய்யன் மொசலுக்குக் குறி வெச்சா தப்பாது. அந்தக் கண்ணு என்னையத் தாண்டி அவளுக்கு வந்திருக்குதுன்னு நெனைச்சேன்.

அந்த நேரத்துலதான் என்ற தங்கச்சி, தன்ற மகனுக்கு வாணியக் கேட்டுட்டு இருந்தா. சோமனூர்ல தறி ஓட்டறாங்க. குணமான பையந்தான். வாணி என்ற கிட்ட வந்து உக்காந்து சொன்னா. "அப்பா, நான் ஸ்டேட் போட்டிக்குப் போறேன். டீம்ல எடுத்துட்டாங்கன்னா வெளையாட்டுக் கோட்டாவுல போலீஸ்லயோ ரயில்வேயிலயோ வேலைக்குப் போயிருவேன். அது வரைக்கும் கண்ணாலப் பேச்சு எடுக்காதீங்கப்பா. எனக்கு இது ஒண்ணுதான் வழி"ன்னா. அவ அப்படிக் கேட்டதே இல்லீங்க, ஒண்ணு வேணும்னு கேட்டதே இல்லை. நான் சரின்னுட்டேன். மாசாணியம்மனைச் சாட்சி வெச்சுச் சொன்னேன். டீம்ல எடுத்தாங்கன்னா கண்ணாலம் நீ சொல்றப்ப, எடுக்கலைன்னா அத்தை மகன். நான் சொன்ன சொல்லு மாறாதவன் தம்பி, இந்தச் சுத்துவட்டாரத்துல யாரை வேணும்னாலும் கேட்டுப்பாருங்க.

கோயமுத்தூர்ல ஒரு கிளப்புல சேத்து விட்டேன். அங்க எரவல் துப்பாக்கி குடுப்பாங்க. ஆனாலும் சொந்தமா ஒண்ணு இருந்தா கைக்குப் பழகும்னு சொன்னாங்க. எங்கய்யன் காலத்து ஒத்தைக்குழாய்த் துப்பாக்கி ஒண்ணு எங்கூட்ல இருந்துச்சு, பயிரைக் காக்கறதுக்குன்னு லைசென்ஸ் போட்டது. அதைக் குடுத்துப்போட்டு வேற மாத்திக்கலாம்னு முடிவாச்சு. அங்கதான் நான் ரோசனை பண்ணேன். அங்கதான் யாரா இருந்தாலும் ரோசனை பண்ணுவான்.

இங்க பாருங்க தம்பி, வருசம் பூரா கடலக்காட்டுல மொசத் தொந்தரவு. மொளைச்சு வர்ற இலையை அப்படியே கத்தரிச்சாப்புல தின்னு போட்டுப் போயிரும். உங்களுக்கும் சோளக்காடு இருக்குதுன்னீங்களே, உங்களுக்கே தெரியும். ஏர் உழுகற மாடுதானே நமக்கு வண்டியும் இழுக்குது? ஒரு துப்பாக்கி வாங்கறோம், லைசென்சு மாத்தறதுக்கு அலையோ அலைன்னு அலையறோம், அது பொண்ணுக்குப் போட்டிக்கும் ஆகோணும், நமக்கு மொசலுக்கும் ஆகோணும். இதுல என்னங்க தப்பு? மொசலை அடிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குது, தெரியுமுங்க. வனத்துறைக்காரன் புடிச்சா உள்ள வெச்சுருவான். நான் இது வரைக்கும் ஒண்ணுகூட அடிச்சதில்லை. ஆனா அடிக்கோணும்னா அடிக்கற மாதிரி ஒண்ணு ஊட்ல இருக்கோணுமில்ல?

அதைச் சொன்னதும் வாணி என்ன கேட்டா தெரியுங்களா? அதோ, அந்தச் சாளையில மயிலைக் காளை ரெண்டு நிக்குது பாருங்க. ரேக்ளா மாடு. பொள்ளாச்சிப் பந்தயத்துல ஓடி ஜெயிச்சது ரெண்டும். பருத்திக்கொட்டை, பேரிச்சம்பழம், முட்டைன்னு என்ற கையாலதான் குடுக்கறேன். அவ அந்தப் பக்கம் கையக் காட்டி, "இதுகளை ஏருல பூட்டுவீங்களாப்பா?"ன்னு கேட்டா. "உனக்கென்ன கிறுக்கா, ரேக்ளா மாட்டைப் போய் யாராச்சும் ஏருல பூட்டுவானா, நடையே கெட்டுப்போயிரும்"னேன். "அப்பறம் எனக்கு மட்டும் ஏன்ப்பா?"ன்னா. அது மாடு அம்மிணி, இது துப்பாக்கின்னு சொன்னேன். சரியாத்தானே சொன்னேன்? படிச்ச புள்ளைகளுக்குப் பேச்சு மட்டும் வந்துருது.

நானும் அவசரப்பட்டு வாங்கறவன் இல்லீங்க. ஆனைமலையில ரங்கசாமின்னு என்ற சேக்காளி, எஸ்டேட் ஜீப்பு ஓட்டினவன், அவனைக் கேட்டேன். லாங் ரைஃபிள்ல அடிச்சா மொசலு குண்டை வாங்கிட்டே ஓடி வேலிக்குள்ள போய்ச் செத்துக் கெடக்கும், எடுக்கவும் முடியாது, பாவம், மேக்னம்னா அந்த இடத்துலயே முடிஞ்சு போயிரும்னான். கடைக்காரரைக் கேட்டேன். அவரு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினாரு. இது குட்டை, அது நெட்டை. சித்தெ யோசிச்சுட்டு வர்றேன்னு வந்துட்டேன். மறுக்காப் போனேன். மறுக்காவும் யோசிச்சேன். கடலை பூத்து, விழுது எறங்கி, காய் புடிச்சு, புடுங்கறதுக்கும் வந்துருச்சு. நான் இன்னும் கேலிபர்லதான் நிக்கறேன்.

அவ அதுக்குள்ள என்ன பண்ணுவாங்கறீங்க? கிளப்புக்கு நான் கூடப் போனாத்தான் போக முடியும், பொட்டப்புள்ளையத் தனியா அனுப்ப முடியுங்களா. எனக்குச் சோலி இருக்கற அன்னைக்கு ஊட்லயே பழகுவா. செவுத்துல கரித்துண்டுல ஒரு பொட்டு வெச்சுட்டு, இந்தக் காய்ஞ்ச தென்னை மட்டை இருக்குதில்ல, அதைத் தோள்ல வெச்சுட்டு, தரையில படுத்துக் குறி பாத்துட்டே கெடப்பா. மூச்சைப் புடிச்சு, விட்டு, பாதியில நிறுத்தி. காக்கா வந்து பக்கத்துல உக்காந்தாலும் அசைய மாட்டா. அக்கம்பக்கத்துல சிரிச்சாங்க. எனக்குக்கூடச் சிரிப்பாத்தான் இருந்துச்சு. அந்தப் பொட்டு இன்னும் அழியலை, அதோ பாருங்க, அந்தத் தூணுக்குப் பின்னால. வெள்ளையடிக்கறவன் வந்தப்ப அதை மட்டும் உட்டுட்டு அடிடான்னு சொன்னேன். ஏன் சொன்னேன்னு தெரியலை.

கடைசியில வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டு ஊட்ல மேக்னம் ஒண்ணு குடுக்கறதாத் தெரிஞ்சுது. ஐரோப்பாவுல செக் நாட்டுச் சாமான். கட்டை வால்நட் மரம். கையில எடுத்த உடனே எனக்குப் புடிச்சுப்போச்சு. வாணி வாங்கிப் பாத்தா, குழாயில வெட்டியிருந்த எழுத்தைப் படிச்சா, திருப்பி என்ற கையிலயே குடுத்துட்டா. "அப்பா, கிளப்புல இதை விட மாட்டாங்க. போட்டி லாங் ரைஃபிளுக்கு மட்டுந்தான்"னா. "அதுக்கென்ன, அங்க போறப்ப லாங் ரைஃபிள் தோட்டாவ இதுல போட்டுச் சுடு. பெரிய பொந்துக்குள்ள சின்னது போகாதா?"ன்னேன். "போகுமுங்ப்பா. தொளதொளன்னு நிக்கும். சுட்டா பித்தளை கிழிஞ்சு மூஞ்சியில அடிக்கும்"னா. அவளுக்கு யாரோ சொல்லிக் குடுத்துப் பயமுறுத்தி விட்டிருக்காங்கன்னு நெனைச்சேன். நான் கேட்டு அலைஞ்ச அளவுக்கு அவ எங்க கேட்டிருக்கப் போறா?

டீமுக்கு ஆள் எடுக்கற நாள் வந்துச்சு. துப்பாக்கிய உறையில போட்டு நானே தோள்ல மாட்டிக்கிட்டு முன்னாடி போறேன், அவ பின்னாடி வர்றா. அங்க குருமூர்த்தின்னு ஒருத்தரு, பட்டாளத்துல இருந்து வந்தவரு, சுடற எடத்துக்கு அவருதான் பொறுப்பு. துப்பாக்கியப் பிரிச்சாரு, குழாயப் பாத்தாரு, மூடிட்டாரு. "அய்யா, இது மேக்னமுங்க. இங்க அனுமதி இல்லை. குறிக்குப் பின்னாடி குண்டைத் தடுக்கற தகடு தாங்காது, போட்டி விதியிலயும் இல்லை"ன்னாரு. எத்தனை பேரு முன்னாடி தம்பி. காரு போட்டு வந்த பெரிய மனுசனுக, அவங்க புள்ளைக. நான் விடலை. இருபத்திரண்டுன்னுதானே போட்டிருக்குது, படிச்சுப்பாருங்கன்னேன். மொசலுக்கும் ஆகோணும்னு வாங்கினதுன்னு சொன்னேன். "மொசலு அடிக்கறது குத்தமுங்க, அதை இங்க வந்து சொல்லாதீங்க"ன்னாரு. பக்கத்துல ஒருத்தன் சிரிச்சான்.

அப்பறம் அந்தக் குருமூர்த்தி ஒண்ணு சொன்னாரு. "பரவாயில்லைங்கய்யா, கிளப் துப்பாக்கி சும்மாதான் இருக்குது. பாப்பா இத்தனை நாளா அதுலதானே சுட்டுது, இன்னைக்கும் அதுலயே சுடட்டும்." நல்ல மாதிரியாத்தான் சொன்னாரு. நான் திரும்பிப் பாக்கறேன், அதுக்குள்ள இவ பாயில படுத்துட்டா. கிளப் துப்பாக்கிய வாங்கித் தோள்ல வெச்சு, வாரைக் கையில சுத்தி இறுக்கிட்டா. தென்னை மட்டைய வெச்சுட்டுக் கெடந்த மாதிரியே கெடக்கறா.

எனக்குப் பொறுக்கலைங்க. எரவல் சீலைய நம்பி இடுப்புக் கந்தைய எறிஞ்ச கதையாட்டம், ஊட்ல சொந்தத் துப்பாக்கிய வெச்சுட்டு என்ற பொண்ணு எரவலுக்குக் கை நீட்டறதா? அத்தனை பேரு பாக்கறாங்க. "எந்திரி அம்மிணி. என்ற பொண்ணு எரவல் சாமான்ல சுட மாட்டா"ன்னேன். அவ எந்திரிக்கலை. மறுக்காச் சொன்னேன். குருமூர்த்தி என்னமோ சொல்ல வந்தாரு, நீங்க பேசாதீங்கன்னுட்டேன். அவ வாரைக் கழட்டினா. துப்பாக்கிய மெதுவாக் கீழ வெச்சா. தோட்டாவை எடுத்து அவருகிட்டக் குடுத்துட்டு எந்திரிச்சு வந்தா. மானம்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா? அன்னைக்கு நான் தலை நிமுந்து வந்தேன்.

வர்றப்ப காந்திபுரத்துல அவளுக்கு மல்லிப்பூ வாங்கிக் குடுத்தேன். மடியிலயே வெச்சுட்டு வந்தா. பஸ்ஸு உடுமலை வந்து சேர்ற வரைக்கும் ஜன்னலைத்தான் பாத்துட்டு வந்தா. எறங்கறப்ப மட்டும் கேட்டா, "அடுத்த வருசம் ஒருக்கா போலாமாப்பா?"ன்னு. டீம்ல எடுக்கலைன்னா என்னன்னு பேசினோம் அம்மிணி, நான் சொல்லு மாற மாட்டேன்னு உனக்குத் தெரியுமில்லன்னேன். தெரியும்னு தலையாட்டினா. அழுகலைங்க. அழுதிருந்தா நான் என்னமாச்சும் யோசிச்சிருப்பேன்.

கண்ணாலம் நல்லாத்தான் பண்ணேன். மாப்ளை மேல ஒரு கொறை சொல்ல முடியாது. ஆனா அங்க போனா ராத்திரி பகலாத் தறிச் சத்தந்தான் தம்பி. தடக்கு தடக்குன்னு, பக்கத்துல நிக்கறவங்க பேச்சே கேக்காது. இவளுக்கு ஒரு காது மந்தமாயிருச்சுன்னு சொல்றாங்க. நான் போன் பண்ணா எடுப்பா. "நல்லா இருக்கறேனுங்ப்பா"ன்னு சொல்லிட்டுப் புள்ளை கையில போனைக் குடுத்துருவா. அது என்னமோ பேசும். நான் என்னமோ பேசுவேன். அவ்வளவுதான். எங்கூட்டுக்காரிகிட்ட மட்டும் ரெண்டு வார்த்தை சேத்துப் பேசுவாளாட்டம் இருக்குது. இந்த ஊடு இருக்கற இருப்பைப் பாத்தீங்கல்ல, மனசு விட்டுப் பேச ஒரு சீவன் இல்லை. எனக்கு வெசனமா இருக்குது தம்பி. ஒரு துப்பாக்கிக்காகப் பெத்த அப்பன்கிட்டப் பேசாம இருப்பாங்களா?

காப்பி வந்துருச்சு, எடுத்துக்குங்க. சக்கரை பத்துதுங்களா?

போன மாசியில நோம்பிக்கு வந்திருந்தா. விடியக்காலம் நான் கெணத்துமேட்டுல நிக்கறேன், பின்னாடி வந்து நின்னா. பாத்தா, கடலக்காட்டுல ஒரு மொசலு. பொச்சைக் குத்த வெச்சுட்டு, காதைத் தூக்கிட்டு, இந்தப் பக்கமே பாத்துட்டு உக்காந்திருக்குது. எனக்கு என்ன தோணுச்சோ, சட்டமாவது ஒண்ணாவதுன்னு உள்ள ஓடி இந்த மேக்னத்தை எடுத்துட்டு வந்து, ஒரு தோட்டாவைப் போட்டு அவ கையில குடுத்தேன். "சுடு கண்ணு. ஒரே ஒருக்கா சுடு. அப்பனுக்காகச் சுடு"ன்னேன். கெஞ்சித்தான் கேட்டேன். பெத்த மகள்கிட்டக் கெஞ்சறதுல என்ன வெக்கம்?

வாங்கிட்டா. கீழ படுத்தா, அந்த நல்ல சேலையோட, பனித்தண்ணி நனைஞ்ச மண்ணுல. தோள்ல வெச்சா. மூச்சைப் புடிச்சு, விட்டு, பாதியில நிறுத்தினா. நெம்ப நேரம். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு தம்பி, அந்தப் பழைய வாணியே வந்து படுத்திருக்கறாப்பல இருந்துச்சு. மொசலும் போகலை. அவளும் சுடலை.

அப்பறம் எந்திரிச்சு உக்காந்து, தோட்டாவை எடுத்து என்ற உள்ளங்கையில வெச்சா. "தூரம் சரியா இருக்குதுங்ப்பா. காத்தும் இல்லை. உங்க மேக்னத்துக்கு இதைவிட நல்ல சமயம் வராது"ன்னு சொல்லிட்டு, சேலையில ஒட்டின மண்ணைத் தட்டி விட்டுட்டு உள்ள போயிட்டா. புள்ளைக்குப் பால் காய்ச்சப் போயிட்டா. அவ என்ற கூட அத்தனை வார்த்தை பேசி வருசக்கணக்காச்சு.

நான் என்ன நெனைக்கறேன்னா, கண்ணாலம் ஆயி, ஊட்டு வேலை, புள்ளைன்னு ஆனதுல கை போயிருச்சு. சுட முடியலை, அதைச் சொல்ல வெக்கம். அப்படிப் பாத்தா அன்னைக்குக் கிளப்புல படுத்திருந்தாலும் பட்டிருக்காது, டீம்ல எடுத்திருக்கவும் மாட்டாங்க. எல்லாம் ஒண்ணுதான். ஒரு நாள் குருட்டாம்போக்குல அஞ்சும் ஒரே ஓட்டையில விழுந்திருக்கும். அதை நெனைச்சுட்டா எனக்கு நிம்மதி. படுத்தாத் தூக்கம் வருது.

ஆனா ஒண்ணு தம்பி. நான் பக்கத்துலயே குந்தி உக்காந்து குழாய் நுனியத்தான் பாத்துட்டு இருந்தேன். அது ஆடவே இல்லீங்க.

சரி, உங்க விசயத்துக்கு வாங்க. உங்க பொண்ணு எதைக் கேக்குது? லாங் ரைஃபிளா? அதுக கேக்கறதைக் கேட்டா ஆகுங்களா. சோளக்காடு இருக்குதுங்கறீங்க, மேக்னமே வாங்குங்க. தோட்டா மட்டும் கெடைக்கறதில்லை. கடைக்காரரு வரும் வரும்னுதான் சொல்றாரு. என்ற கிட்ட இருக்கறது அன்னைக்கு அவ திருப்பிக் குடுத்த அந்த ஒண்ணுதான். இந்தாங்க, துப்பாக்கியக் கையில வெச்சுப் பாருங்க. எண்ணெய் போட்டுத் தொடைச்சு வெச்சிருக்கறேன், ஒரு பொட்டுத் துரு இருக்குதான்னு பாருங்க. ஒரு மொசலைக்கூடச் சுட்டதில்லை, ஒரு காயிதத்தைக்கூடச் சுட்டதில்லை. புதுசு மாதிரி.

என்னங்க? இதையே வெலைக்குக் குடுக்கறீங்களான்னா? இல்லீங்க தம்பி. குடுங்க இப்படி. கோவிச்சுக்காதீங்க, இதைக் குடுக்கறதுக்கில்லை. இது வாணிக்குன்னு வாங்கினது. நாளைக்கு அவ வந்து என்ற துப்பாக்கி எங்கப்பான்னு கேட்டா, நான் என்னங்க சொல்லுவேன்?